அரணை கடித்தால் மரணமா?

வீட்டுக் கொல்லையில் விறகு அடுக்கி வைத்திருக்கிறீர்கள். காலையில் அடுப்புக்கு நாலு கட்டை எடுக்கப் போகிறீர்கள். ஒரு கட்டையைத் தூக்குகிறீர்கள். அடியிலிருந்து பளபளவென்று ஏதோ ஒன்று சரசரவென ஓடுகிறது. வால் மட்டும்தான் கண்ணில் படுகிறது. நெஞ்சு திக்கென்கிறது.

“பாம்பு! பாம்பு!” என்று கத்துகிறீர்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் தடியோடு ஓடி வருகிறார்கள். கட்டைகளைப் புரட்டுகிறார்கள். கடைசியில் ஒரு மூலையில் அது ஒண்டிக் கிடக்கிறது. பார்த்தால் பாம்பு இல்லை. நாலு கால் இருக்கிறது.

“அட, அரணைதான்!” என்கிறார் ஒருவர்.

“அரணையா? விடாதே, அடி! பாம்பு கடித்தால்கூடப் பிழைக்கலாம். அரணை கடித்தால் மரணம்!” என்கிறார் மற்றவர்.

ஒரே அடி. அரணை செத்துப் போகிறது.

இப்படி எத்தனை அரணைகள் செத்திருக்கும்? கணக்கே கிடையாது. நானும் சின்ன வயதில் இரண்டு மூன்றை அடித்திருக்கிறேன். அடித்துவிட்டு வீரன் மாதிரி நின்றிருக்கிறேன். அரணைக்கு விஷமே கிடையாது என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆம், அரணைக்கு விஷம் கிடையாது. விஷப்பை இல்லை. விஷப்பல் இல்லை. வாயில் இருப்பவை பூச்சியை நொறுக்குவதற்கான பொடிப் பற்கள். கையில் பிடித்து அழுத்தினால் அது கவ்வலாம். அது கிள்ளுவது போல இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அரணைக்கு மட்டும் இல்லை, மனிதனைக் கொல்லும் விஷம் உள்ள பல்லி இனம் எதுவும் இந்தியாவில் கிடையாது. ஓணான், பல்லி, பச்சோந்தி, உடும்பு எதுவும் கடித்து நம்மைச் சாகடிக்காது.

பிறகு ஏன் அந்தப் பேச்சு வந்தது?

அரணை, மரணம். இரண்டு சொல்லும் எவ்வளவு அழகாக ஒட்டிக்கொள்கின்றன, பாருங்கள். வாயில் நன்றாக உருளும் பேச்சு மனதில் தங்கிவிடும். தங்கிய பேச்சு நாளடைவில் உண்மை போல ஆகிவிடும். மலையாளத்திலும் அரணைக்கு அரணை என்றுதான் பெயர். அங்கும் இதே பேச்சு உண்டு.

ஆனால் ஒரு சிக்கல். அரணை யாரையும் கடித்துக் கொன்றதை ஒருவரும் பார்த்ததில்லை. அரணை கடித்துச் செத்தவர் யார் என்று கேட்டால் பெயர் சொல்ல ஆள் இல்லை. அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். “அரணைக்கு மறதி அதிகம். கடிக்கத்தான் ஓடி வரும். கிட்டே வந்ததும் எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிடும்” என்றார்கள். இதனால்தான் மறதிக்காரர்களுக்கு ‘அரணை புத்தி’ என்று பெயர் வந்தது. கடிக்காத பிராணியைக் கடிக்கும் பிராணி என்று சொல்லிவிட்டால், அதைக் காப்பாற்ற இப்படி இன்னொரு கதை தேவைப்படுகிறது.

பாம்பு போலத் தோன்றுவதுதான் அரணைக்கு வந்த வினை. நம் ஊர்களில் சிலர் அதைப் பாம்புராணி என்கிறார்கள். கன்னடத்தில் ஹாவுராணி என்பார்கள். ஹாவு என்றால் பாம்பு. தெலுங்கில் நலிகண்ட்ல பாமு. பாமு என்றாலும் பாம்புதான். இந்தி பேசும் ஊர்களில் ‘சாப் கீ மௌசி’ என்பார்கள். பாம்பின் சித்தி என்று பொருள். நாடு முழுக்க மக்கள் ஒரே மாதிரிதான் நினைத்திருக்கிறார்கள்.

பாம்பா, அரணையா?

பாம்பு, பல்லி, ஓணான், அரணை, உடும்பு, ஆமை, முதலை எல்லாம் ஊர்வன என்ற ஒரே கூட்டம். இவற்றின் உடம்பில் செதில் உண்டு. இவற்றின் உடம்புச் சூடு வெளியிலிருந்து வருகிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டில் பெரும் பகுதி நம் உடம்பைச் சூடாக வைக்கவே செலவாகிறது. அரணை அப்படிச் செலவு செய்வதில்லை. காலையில் வெயில் காய்ந்து சூடு ஏற்றிக்கொள்கிறது. அதிகம் சூடானால் நிழலுக்குப் போகிறது. அதனால் அதற்குக் கொஞ்சம் இரை போதும். பத்து மணி வெயிலில் கல்லின் மேல் அசையாமல் கிடக்கும் அரணை சோம்பேறி இல்லை. அது அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறது!

அரணையின் உடம்பு வழவழவென்று இருக்கும். அதன் செதில்கள் கூரை ஓடு போல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். ஒவ்வொரு செதிலுக்கும் அடியில் மெல்லிய எலும்புத் தகடு உண்டு. அதனால் தொட்டால் கெட்டியாக இருக்கும். கழுத்து தனியாகத் தெரியாது. தலை, உடம்பு, வால் எல்லாம் ஒரே கோடாக நீளும். இப்படிப்பட்ட உடம்பு சருகுக்குள் வழுக்கிக்கொண்டு போக வசதியானது.

பாம்பிலிருந்து அரணையைப் பிரித்து அறிய மூன்று அடையாளங்கள் உண்டு. ஒன்று கால். இரண்டாவது கண். அரணைக்குக் கண் இமை உண்டு. மூடித் திறக்கும். பாம்புக்கு இமையே கிடையாது. அது தூங்கும்போதும் கண் திறந்தபடிதான் இருக்கும். மூன்றாவது காது. அரணையின் கன்னத்துக்குப் பின்னால் ஒரு சிறு துளை தெரியும். பாம்புக்கு அந்தத் துளை இல்லை.

சட்டை உரிப்பதிலும் வேறுபாடு உண்டு. பாம்பு ஒரே உறையாக உரித்துப் போடும். அரணையின் தோல் துண்டு துண்டாக உதிரும். கொல்லையில் முழு நீளச் சட்டை கிடந்தால் அது பாம்பின் சட்டை. அதைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அரணையின் வாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனையோ காகமோ வாலைப் பிடித்தால் அரணை வாலை விட்டுவிட்டு ஓடிவிடும். அறுந்த வால் தரையில் துடிக்கும். பூனை அந்த வாலையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்குள் அரணை வேலிக்குள் போய்விடும். வால் எலும்பில் இதற்கென்றே பலவீனமான இடங்கள் உண்டு. அங்கே முறிந்தால் ரத்தம் அதிகம் வராது. சில வாரங்களில் புது வால் முளைக்கத் தொடங்கும். ஆனால் புது வாலுக்குள் எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான் இருக்கும். பழைய வாலில் அரணை கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பும் வாலோடு போய்விடுகிறது. பிள்ளைகள் விளையாட்டாக வாலை அறுக்கும்போது அதன் சேமிப்பைத்தான் பறிக்கிறார்கள்.

காலைத் தொலைத்த அரணைகள்

உலகத்தில் 1,700க்கும் மேற்பட்ட அரணை வகைகள் இருக்கின்றன. பல்லி இனங்களிலேயே பெரிய குடும்பம் இதுதான். இந்திய விலங்கியல் ஆய்வகம் என்ற அரசு நிறுவனம் கொல்கத்தாவில் இருக்கிறது. அது 2020ஆம் ஆண்டில் இந்திய அரணைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. அதில் 62 வகைகள் இருந்தன. அடுத்த ஆண்டே கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டி மலைப் பகுதியில் கண்ட இன்னொரு வகைக்குப் பெயர் வைத்தார்கள். இன்னும் யாரும் பார்க்காத வகைகளும் இருக்கலாம்.

ஒவ்வொரு வகையும் அது இருக்கும் இடத்துக்கு ஏற்ற உடம்போடு இருக்கிறது. நம் வேலி ஓரத்தில் இருக்கும் பெரிய அரணைக்கு நல்ல கால்கள் உண்டு. அது தரை மேல் ஓடி இரை பிடிக்கிறது. செங்கல் அடியிலும் எருக்குழி ஓரத்திலும் ஒல்லியான ஒரு அரணை இருக்கும். அதன் கால்கள் மிகச் சிறியவை. குட்டியின் வால் செக்கச் செவேல் என்று இருக்கும். அது அவசரத்தில் கால்களை ஒடுக்கிக்கொண்டு பாம்பு போல நெளிந்து போகும். ‘சிவப்பு வால் பாம்பு’ என்று அதிகமாக அடிபடுவது இந்தப் பாவப்பட்ட பிராணிதான்.

இன்னும் ஒரு படி மேலே போன அரணையும் உண்டு. ஒடிசா மாநிலத்தில் சிலிகா என்ற பெரிய ஏரி இருக்கிறது. அதற்குள் பர்குடா என்று ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவின் மண்ணில் ஆல மரத்து வேர்களுக்கு அடியில் ஒரு அரணை வாழ்கிறது. அதற்குக் கால்களே கிடையாது. முன்கால் இல்லை, பின்கால் இல்லை. நெல்சன் அன்னண்டேல் என்ற விலங்கியல் அறிஞர் 1917இல் அதைப் பற்றி எழுதினார். தீவின் பெயரையே அதற்கு வைத்தார். இன்று வரை அதைப் பார்த்தவர்கள் வெகு சிலரே.

கால் ஏன் போயிற்று? தளர்ந்த மண்ணுக்குள் புகுந்து போகும்போது கால் ஒரு தடை. முள் வேலிக்குள் நுழையும்போது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போவோமா? உடம்போடு ஒட்டித்தான் போவோம். அது போலத்தான். மண்ணுக்குள் வாழும் கூட்டத்தில் கால் சிறுத்தவை சுலபமாக இரை தேடின. சுலபமாகத் தப்பின. அதிகம் குட்டிகளைப் பெற்றன. தலைமுறை தலைமுறையாகக் கால் சிறுத்துக்கொண்டே போயிற்று. இதற்குப் பல லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

பாம்பின் கதையும் இதே மாதிரிதான். கால் உள்ள பல்லி போன்ற பிராணியிலிருந்துதான் பாம்பும் வந்தது. மலைப்பாம்பின் வால் அருகே இரண்டு சிறு முள் போல இருக்கும். அவை பழைய பின்கால்களின் மிச்சம். அப்படிப் பார்த்தால் அரணையைப் பாம்பின் சித்தி என்று சொன்னவர் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை! உறவு உண்டு. ஆனால் விஷம் மட்டும் இல்லை.

மணலில் நீந்தும் மீன்

இனி ராஜஸ்தானுக்குப் போவோம். அங்கே தார் பாலைவனம் இருக்கிறது. ஜெய்சல்மேர் பக்கம் மணல் மேடு மேடாகக் குவிந்து கிடக்கும். காற்று அடித்தால் மேடு இடம் மாறும். அந்த மணலிலும் ஒரு அரணை இருக்கிறது. அதை ரேக் மாஹி என்பார்கள். மணல் மீன் என்று பொருள்.

பெயர் பொருத்தமானதுதான். அதன் மூக்கு மண்வெட்டி போலத் தட்டையாக இருக்கும். கால்கள் சிறியவை. விரல்கள் ஐந்து இல்லை, மூன்றுதான். அது மணலின் மேல் நடப்பதில்லை. மணலின் தோலுக்கு அடியில் நெளிந்து நீந்துகிறது. மேலே நெளிநெளியாக ஒரு கோடு மட்டும் விழும். அந்தக் கோடு திடீரென்று ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கேதான் அது புதைந்திருக்கும். வண்டு, எறும்பு, கரையான் இவைதான் அதன் சாப்பாடு.

இந்தக் கோடே அதற்கு எமனாகவும் ஆகிவிட்டது. கோடு நின்ற இடத்தில் கையை விட்டு ஆட்கள் அதைப் பிடித்தார்கள். காய வைத்து, ஆண்மைக்கு மருந்து என்று விற்றார்கள். அதில் அப்படி ஒரு மருந்தும் இல்லை.

மணல் மேட்டைத் தாண்டினால் கெட்டியான தரை வரும். ராஜஸ்தானிலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் அந்தத் தரையில் சாண்டா என்ற பெரிய பல்லி வளை தோண்டி வாழ்கிறது. வால் முழுக்க முள் வரிசை. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அது தின்பதெல்லாம் பெரும்பாலும் இலை, பூ, விதைதான். இரவில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு தூங்கும். வீட்டுக் கதவைச் சாத்துவது போலத்தான். கழுகுக்கும் பாலைவன நரிக்கும் அது முக்கியமான இரை. அது குறைந்தால் அவையும் குறையும்.

சந்தையில் ‘சாண்டா எண்ணெய்’ விற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். வட இந்திய ஊர்களில் சாலை ஓரத்தில் துணி விரித்து வைத்திருப்பார்கள். பக்கத்தில் உயிருள்ள சாண்டா ஒன்று அசையாமல் கிடக்கும். அது பழகிய பிராணி என்று நினைக்காதீர்கள். ஓட முடியாமல் அதன் முதுகை முறித்திருப்பார்கள். அதன் கொழுப்பை உருக்கி, மூட்டு வலிக்கும் ஆண்மைக்கும் நல்லது என்று விற்கிறார்கள். அது வெறும் கொழுப்பு. அவ்வளவுதான். அதற்குக் கொடுக்கும் பணத்தில் குழந்தைக்குப் பால் வாங்கலாம்.

உடும்புக்கும் இதே கதிதான். சந்தைகளில் ‘ஹத்தா ஜோடி’ என்று ஒன்றை விற்றார்கள். இரண்டு கைகள் சேர்ந்தது போல இருக்கும். இமயமலை வேர், வீட்டில் வைத்தால் செல்வம் வரும் என்று சொன்னார்கள். அது வேரே இல்லை. ஆண் உடும்பை அறுத்து எடுத்த அதன் இனவிருத்தி உறுப்பு. 2017இல் இந்த மோசடி வெளியே வந்தது. செல்வம் வந்தது விற்றவனுக்குத்தான்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைப் பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்கிறது. உடும்பைப் பிடித்தாலோ கொன்றாலோ சிறைத் தண்டனை உண்டு. மருந்து என்று நம்பி வாங்குகிறவரும் வழக்கில் மாட்டிக்கொள்ளலாம்.

மந்திரவாதிக்குப் பேர் வந்த வழி

அரணைக்கு விஷம் இல்லை என்பது அரணைக்கு மட்டும் நல்ல செய்தி இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாததால் மனிதர்களும் சாகிறார்கள். எப்படி என்று கேட்பீர்கள்.

ஒருவரை அரணை கவ்விவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பயந்து மந்திரவாதியிடம் ஓடுகிறார். மந்திரவாதி வேப்பிலை அடிக்கிறார். வேர் அரைத்துக் கொடுக்கிறார். மறுநாள் அவர் எழுந்து நடக்கிறார். “அரணை கடித்தவனையே காப்பாற்றிவிட்டார்!” என்று ஊர் பேசுகிறது. விஷமே இல்லாத கடி எப்படியும் ஆறியிருக்கும். பேர் மட்டும் மந்திரவாதிக்கு வந்துவிட்டது.

தண்ணீர்ப் பாம்பு கடித்தாலும் சாரைப் பாம்பு கடித்தாலும் இதே கதைதான். அவற்றுக்கும் நம்மைக் கொல்லும் விஷம் கிடையாது. சில நேரம் விஷப் பாம்பே கடித்தாலும் விஷத்தை இறக்காமல் விடுவது உண்டு. அதிலும் மந்திரவாதிக்கு ஒரு வெற்றி சேர்ந்துவிடும்.

ஒரு நாள் கட்டுவிரியன் ஒரு குழந்தையைக் கடிக்கிறது. வீட்டார் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? அரணைக் கடியைக் குணப்படுத்தியவரிடம்தான். அங்கே இரண்டு மணி நேரம் போய்விடும். அந்த இரண்டு மணி நேரத்தில் குழந்தையின் மூச்சு நின்றுவிடலாம்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தார்கள் என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். பாதிக்கு மேல் மழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பருக்குள் நடந்தவை. மருந்து இருந்தும் நடந்த சாவுகள் இவற்றில் ஏராளம்.

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. சாவுக்குப் பெரும்பாலும் காரணம் நான்குதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மாற்று மருந்து இருக்கிறது. பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குக் கொடுத்து, அதன் ரத்தத்திலிருந்து அந்த மருந்தை எடுக்கிறார்கள். மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பங்கு மாமல்லபுரம் அருகே இருளர் மக்கள் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்தச் சங்கம் 1978இல் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, பிறகு காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

பாம்பு கடித்தால் செய்ய வேண்டியது இதுதான். கடிபட்டவரைப் படுக்க வையுங்கள். தைரியம் சொல்லுங்கள். நடக்க விடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு முறிந்தால் பட்டை வைத்துக் கட்டுவது போலக் கட்டலாம். மோதிரம், வளையல், கொலுசு இருந்தால் கழற்றிவிடுங்கள், வீங்கினால் இறுக்கும். 108க்குப் பேசுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டாம். ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப் போகலாம். பிளேடால் கீற வேண்டாம். வாயால் உறிஞ்ச வேண்டாம். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். டாக்டர் உடம்பைப் பார்த்தே மருந்து கொடுப்பார்.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இரவில் வரும். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலி அதிகம் இருக்காது. கடித்த இடமும் சரியாகத் தெரியாது. விடிகாலையில் வயிறு வலிக்கிறது, தொண்டை அடைக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அலட்சியமாக இருக்காதீர்கள். கடித்த தடம் இல்லை என்று காத்திருக்கவும் கூடாது. கட்டிலில் படுப்பதும் கொசு வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகி வைப்பதும் பெரிய பாதுகாப்பு.

அவை இருக்கும் இடம்

அரணை வீட்டுக்குள் நம்மைத் தேடி வருவதில்லை. கல் வரப்பு, வேலி, சருகுக் குவியல், விறகு அடுக்கு இவைதான் அதன் வீடு. கரப்பான், வெட்டுக்கிளி, கரையான், சிலந்தி, புழு இவைதான் அதன் சாப்பாடு. ஈர மண்ணிலும் சருகுக்கு அடியிலும் முட்டை இடும். வடகிழக்கு மாநிலங்களில் இருக்கும் பெரிய அரணை வகை ஒன்று முட்டை இடாமல் குட்டியே போடுகிறது. அரணையைத் தின்னச் செம்போத்து வரும், வல்லூறு வரும், கீரி வரும். பாம்பும் தின்னும். சருகு முழுவதையும் கூட்டித் தீ வைத்தால் முட்டையும் வெந்துபோகும், பூச்சி தின்னும் வாயும் போய்விடும். வயல் ஓரத்துச் சருகைக் கொஞ்சம் விட்டு வைத்தால் அது மட்கி மண்ணுக்கும் உரம் ஆகும்.

ஆனால் விறகு அடுக்கை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அரணைக்காகச் சொல்லவில்லை. விறகுக்கு அடியில் எலி குடியிருக்கும். எலியைத் தேடி நல்ல பாம்பு வரும். தானிய மூட்டையும் கோழிக் கூடும் அப்படித்தான். பத்து அடி தள்ளி வைத்தால் நல்லது. இருட்டில் விறகு எடுக்கப் போனால் டார்ச் விளக்கு வேண்டும். முதலில் ஒரு குச்சியால் தட்டுங்கள், பிறகு கை வையுங்கள். கட்டைக்கு அடியில் இருப்பது அரணையா, சுருட்டை விரியனா என்பது கை வைக்கும் முன்னால் நமக்குத் தெரியாது.

பல்லி விழுந்த சாப்பாடு விஷமா என்றும் பலர் கேட்கிறார்கள். பல்லியிலும் விஷம் இல்லை. ஆனால் அதன் உடம்பிலும் எச்சத்திலும் நோய்க் கிருமிகள் இருக்கும். வாந்தி பேதி வரலாம். அதனால் அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிடுவதே சரி. அரணையைத் தொட்ட கையையும் இதற்காகத்தான் கழுவச் சொல்கிறோம். ஓணான் ரத்தம் குடிக்கும் என்பதும் பொய்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தொண்டை சிவக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன பேச்சு அது. பெரிய அரணையின் ஆணுக்கும் அந்தக் காலத்தில் விலாப்பக்கம் சிவக்கும். அது விஷம் ஏறிய நிறம் இல்லை, பெண் அரணையின் கண்ணில் படுவதற்கான நிறம்.

நாளைக் காலையில் கொல்லைப் பக்கம் போகும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். வெயில் ஏறியதும் அரணை வெளியே வரும். சுவர் ஓரத்தில் படுத்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். ஆறு ஏழு அடி தள்ளி, அசையாமல் உட்கார்ந்தால் அது ஓடாது. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கன்னத்துக்குப் பின்னால் காதுத் துளை தெரிகிறதா? கண்ணை மூடித் திறக்கிறதா? அவசரம் வேண்டாம், அதுவும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.